மோட்டார் மேல் பழி போடாதீர்கள்

ஆர்சி விமானம், அதாவது ரேடியோ ரிமோட்டில் ஓட்டும் சின்ன விமானம், விடுகிற எந்த மைதானத்துக்குப் போனாலும் இது நடக்கும். யாரோ ஒருவர் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வீட்டிலேயே செய்த விமானம் தரையில் ஓடும், ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும். எழும்பாது. இல்லையென்றால் கொஞ்ச தூரம் ஓடி, இடப்பக்கம் திரும்பிப் புதரில் போய் நிற்கும். அதுவும் இல்லையென்றால் கடைசியில் திடீரென்று துள்ளி எழுந்து, மூக்கு வானத்தைப் பார்த்து, ஒரு இறக்கை சாய்ந்து தலைகுப்புற விழும். மூன்றில் எது நடந்தாலும் சுற்றி நிற்கிறவர்களில் ஒருவர் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: “பவர் பத்தல. அடுத்த சைஸ் மோட்டார் போடுங்க.”

இந்தத் தீர்ப்பு ரொம்ப நாளாக எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது. சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பெரும்பாலும் பல வருஷம் விமானம் விட்டுப் பழகியவர்கள்தான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நம்பி, கல்லூரிப் பையன்கள் கைக்காசைச் சேர்த்துப் பெரிய மோட்டார், அதற்கேற்ற ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்), அதற்கேற்ற பேட்டரி என்று வாங்குகிறார்கள். பிறகும் அதே தரையில் அதே மாதிரி மூக்கை உடைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் ‘நமக்கு இது சரிப்படாது’ என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டுப்போன பையன்களை எனக்குத் தெரியும். அதனால்தான் ஆற்றாமை. பெரிய மோட்டார் என்றால் மூக்கில் கூடுதல் எடை, கூடவே கனமான பேட்டரி. இருந்த கோளாறு அதனால் அதிகமாகுமே தவிரக் குறையாது.

என் கருத்து இதுதான். தரையை விட்டு எழும்ப மறுக்கிற விமானத்தில் முதலில் பார்க்க வேண்டியது சக்கரம். அது எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, விமானத்தை என்ன கோணத்தில் நிற்க வைக்கிறது என்பது. இறக்கைக்கு மாதக்கணக்கில் உழைக்கிறோம், சக்கரத்தைக் கடைசி நாளில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே மாட்டுகிறோம். வானத்தில் இருக்கப்போகும் பொருள் என்றே அதை நினைத்துச் செய்வதால், முதல் சில விநாடிகள் அது தரையில் ஓடும் வண்டி என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

அளந்து பார்த்தாயா?

என் தங்கை மகன் பொறியியல் படிக்கிறான். அவன் செய்த விமானம் உயர இறக்கை கொண்ட சாதாரண டிரெய்னர், அதாவது கற்றுக்கொள்கிறவர்களுக்கான விமானம். இறக்கை முனைக்கு முனை 1.2 மீட்டர், அகலம் 20 சென்டிமீட்டர். ஃபோம் போர்டில் உடம்பு, தேவையான இடங்களில் பால்சாவும் பிளைவுட்டும், அசையும் பாகங்களை இழுக்கும் புஷ்ராடுகளுக்கு சைக்கிள் ஸ்போக். 2212 அளவில் 1000 கேவி (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) மோட்டார், 10 அங்குல விட்டமும் 4.5 அங்குலப் பிட்ச்சும் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) உள்ள ப்ராப் (ப்ரொப்பெல்லர்), 3 செல் 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி. பேட்டரியோடு சேர்த்து 1,250 கிராம். மூக்கில் ஒரு சிறு சக்கரம், இறக்கைக்குக் கீழே இரண்டு பெரிய சக்கரம். சுத்தமான வேலை. ஒட்டிய இடம் எதுவும் பிசிறு தட்டவில்லை. இந்த அளவு பொறுமை அந்த வயதில் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

செங்கல்பட்டு பக்கம் கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரிகளில் ஒன்றுதான் அவர்கள் மைதானம். அங்கே அவன் விமானம் மேலே சொன்ன மூன்று வியாதிகளையும் ஒன்று விடாமல் காட்டியது. த்ராட்டிலைக் கொடுத்ததும், அதாவது மோட்டார் வேகத்தை ஏற்றியதும், இடப்பக்கம் இழுக்கும். அதைத் திருத்தினால் பாம்பு போல நெளிந்து ஓடும். மூக்கைத் தூக்க உதவும் வால் மடிப்பான எலிவேட்டரை முழுக்க இழுத்துப் பிடித்தாலும் மூக்குச் சக்கரம் தரையை விட்டு வராது. ஏரியின் பாதி தூரம் ஓடிய பிறகு திடீரென்று எகிறும், நிற்கும், இடது இறக்கை விழும். ப்ராப்கள் உடைந்தன, மூக்கு நசுங்கியது. சீனியர்கள் வழக்கமான தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள். அவன் எனக்கு போன் செய்தபோது மோட்டாரைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தான்.

“மாமா, மோட்டார் மாத்தணும். எதை வாங்கலாம்னு மட்டும் சொல்லுங்க.”

“இருக்கிற மோட்டார் எவ்ளோ இழுக்குதுன்னு அளந்து பாத்தியாடா?”

“அதை எப்படி மாமா வீட்ல அளக்கிறது?”

பயணப் பெட்டியை எடை பார்க்கிற தொங்கு தராசு போதும். விமானத்தின் வாலில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் தராசு, தராசு ஜன்னல் கம்பியில். வழவழப்பான தரையில் வைத்து முழு த்ராட்டில் கொடுத்தால் எத்தனை கிராம் இழுக்கிறது என்று தராசே சொல்லும். ப்ராப் சுற்றும் வட்டத்தின் நேர்ப்பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அவன் விமானம் 820 கிராம் இழுத்தது. எடையில் ஏறக்குறைய 66 சதவீதம். எடையில் பாதி இழுவிசை இருந்தாலே ஒரு டிரெய்னர் ஒழுங்கான தரையிலிருந்து எழும்பிவிடும். ப்ராப் முன்பின் மாறி மாட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். எண் பொறித்த பக்கம் முன்னோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் காற்று பின்னால்தான் போகும், ஆனால் இழுவிசை கணிசமாகக் குறைந்துவிடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அதுவும் சரியாகவே இருந்தது.

இனி கொஞ்சம் கணக்கு. 24 சதுர டெசிமீட்டர் இறக்கை 1,250 கிராமைத் தூக்க வேண்டும். சதுர டெசிமீட்டருக்கு 52 கிராம் வருகிறது, டிரெய்னருக்கு நியாயமான பாரம். மணிக்கு ஏறக்குறைய 31 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே போனால் இந்த இறக்கை ஸ்டால் ஆகும், தூக்கும் சக்தியை இழக்கும். அதாவது விநாடிக்கு 8.6 மீட்டர். கொஞ்சம் கூடுதலாக வைத்து 10 மீட்டரில் எழும்பலாம் என்று கொள்வோம். இந்த மோட்டார், இந்த ப்ராப், ஓடும்போது விநாடிக்கு சுமார் 15 மீட்டர் வரை காற்றைத் தள்ளும். மண் தரையின் உரசலையும் வேகம் கூடக் கூட இழுவிசை குறைவதையும் கழித்துவிட்டால்கூட 15 முதல் 20 மீட்டர் ஓட்டத்தில் எழும்பியாக வேண்டும். இவன் விமானம் அதைப்போல மூன்று மடங்கு ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரம் ஓடுகிற விமானத்துக்கு வேகம் கிடைக்கவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? பறக்கும் வேகம் எப்போதோ வந்துவிட்டது. விமானத்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியவில்லை.

கையால் வீசிய நாள்

விடியற்காலையில் ஏரிக்குப் போனோம். அந்தப் பகுதியில் கோடைக் காலையில் மேற்கிலிருந்து லேசான காற்று இருக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து புகுந்து திசையே மாறிவிடும். வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தியும் குறையும். 15 டிகிரியில் கனமீட்டருக்கு 1.225 கிலோ இருக்கும் காற்று 38 டிகிரியில் 1.135 அளவுக்கு வந்துவிடுகிறது. இறக்கைக்கும் ப்ராப்புக்கும் சேர்த்து நஷ்டம். அதனால் சோதனை எதுவானாலும் காலையில்தான்.

“இன்னிக்கு ஓட்ட வேண்டாம். நான் கையால வீசுறேன். நீ ஸ்டிக்கைப் பிடிச்சுக்கோ” என்றேன். அவனுக்கு அதில் சம்மதமே இல்லை. ஓடியே எழும்பாதது வீசினால் நேராகக் கீழே போகும் என்று பயந்தான். இறக்கைக்கு அடியில் பிடித்து, காற்றை எதிர்த்து, முக்கால் த்ராட்டிலில் மட்டமாக விட்டேன். கையை விட்டுப் போன வேகத்தில் ஒரு முழம்கூட இறங்கவில்லை. நேராகப் போனது, மெதுவாக ஏறியது, வேப்பமர உயரத்தில் அவன் விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடிப்பான எய்லரானைத் தொட்டதும் அழகாகத் திரும்பியது. டிரிம் (நேராகப் பறக்கச் செய்யும் நுண்திருத்தம்) இரண்டு கிளிக் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அவன் பாதி த்ராட்டிலில் ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தான். இறங்கும்போதும் குறை இல்லை.

எனக்கு எல்லாம் தெளிவானது அந்தப் பறத்தலில்தான். இந்த விமானத்துக்குப் பறக்கத் தெரிகிறது. இறக்கை சரி, வால் சரி, சிஜி (எடை மையம்) சரி, மோட்டார் தாராளம். அப்படியானால் கோளாறு இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: தரையில் நிற்பதற்கும் தரையை விடுவதற்கும் நடுவில். எழும்பாத விமானத்தைக் கையில் எடுத்து வீசிப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான். வீசினால் பறக்கிறது, ஓடினால் எழும்பவில்லை என்றால் பாதிச் சந்தேகங்களை அந்த இடத்திலேயே அழித்துவிடலாம். இரண்டு மூன்று கிலோவைத் தாண்டிய கனமான விமானங்களுக்கு இது ஆகாது. இந்த அளவு டிரெய்னருக்குத் தாராளமாகச் செய்யலாம்.

சக்கரம் இருந்த இடம்

விமானத்தை மட்டமான பலகையில் நிறுத்தினோம். சிஜி இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 5.6 சென்டிமீட்டர், அதாவது இறக்கை அகலத்தில் 28 சதவீதம். அந்தக் கோட்டிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டோம், கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி. நட்டு தரையைத் தொட்ட இடத்துக்கும் பின்சக்கரங்கள் தரையைத் தொடும் இடத்துக்கும் நடுவே 7 சென்டிமீட்டர். அதே தராசுக் கொக்கியை மூக்குக் காலில் மாட்டி, சக்கரம் தரையை விடும் அளவுக்குத் தூக்கினோம். 350 கிராம் காட்டியது. மொத்த எடையில் 28 சதவீதம் அந்தச் சின்னச் சக்கரத்தின் மேல். பயணிகள் ஏறும் முழு அளவு விமானங்களில்கூட மூக்குச் சக்கரத்துக்குப் பொதுவாக 8 முதல் 15 சதவீதம்தான் கொடுப்பார்கள்.

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் அதிகமானால் மாடு கழுத்தைத் தூக்க முடியாமல் தவிக்கும். ஒரே ஒரு மூட்டையை ஒரு சாண் நகர்த்தினால் வண்டியின் குணமே மாறும். மூன்று சக்கர விமானத்துக்கும் கொஞ்சம் முன்பாரம் வேண்டும், இல்லையென்றால் வாலில் உட்கார்ந்துவிடும். ஆனால் அந்த முன்பாரத்தை ஒவ்வொரு முறையும் தூக்க வேண்டியது வால்தான். வால் எவ்வளவு தூக்கும் என்பதற்கு ஒரு எல்லை இருக்கிறது.

அந்த எல்லையையும் பார்த்துவிடலாம். 1,250 கிராம், பின்சக்கரத்துக்கு 7 சென்டிமீட்டர் முன்னால். வாலோ அதே பின்சக்கரத்திலிருந்து 60 சென்டிமீட்டர் பின்னால். மூக்கைத் தூக்க வால் கீழ்நோக்கி ஏறக்குறைய 145 கிராம் அழுத்த வேண்டும். இவன் வைத்திருந்த அளவு வாலும் எலிவேட்டரும் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் 85 கிராம் போலத்தான் தரும். 145 வேண்டுமானால் விநாடிக்கு 10.5 மீட்டரைத் தாண்ட வேண்டும். அதற்கு மேல் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும் மண்ணின் உரசல் வேறு மூக்கைக் கீழேதான் அழுத்தும். ஆக, இறக்கை எழும்பத் தயாரான பிறகும் வால் தயாராக இல்லை. அதுவரை விமானம் ஓடித்தான் ஆக வேண்டும்.

சரி, கடைசியில் வால் தயாரானதும் ஒழுங்காக எழும்பலாமே, ஏன் எகிறுகிறது? நான் அவனுக்கு அதிக நேரம் எடுத்துச் சொன்னது இதைத்தான். தரையில் இருக்கும்வரை விமானம் பின்சக்கரத்தை அச்சாகக் கொண்டு மூக்கைத் தூக்குகிறது. தரையை விட்ட கணமே அந்த அச்சு சக்கரத்திலிருந்து சிஜிக்குத் தாவிவிடுகிறது. இதுவரை 7 சென்டிமீட்டர் தூரத்தில் நின்று எதிர்த்துக்கொண்டிருந்த பாரம் அந்த நொடியில் காணாமல் போகிறது. எலிவேட்டரோ முழுக்க இழுத்த நிலையிலேயே இருக்கிறது. வேகமும் தேவைக்கு மேலே. விளைவு, மூக்கு ஒரே வீச்சில் வானத்துக்குப் போகிறது, இறக்கை ஸ்டால் ஆகிறது. ஸ்டிக்கைப் பிடித்திருப்பவர் எவ்வளவு தேர்ந்தவரானாலும் அந்த அரை நொடிக்குள் கையைத் தளர்த்துவது கடினம். பையன் பதற்றத்தில் இழுத்துவிட்டான் என்று சுற்றி நின்றவர்கள் சொன்னதும் அநியாயம். அவனை முழுக்க இழுக்க வைத்ததே சக்கரம் இருந்த இடம்தான்.

பின்சக்கரக் கம்பியை அங்கே மாட்டியதற்கு அவனுக்கு ஒரு காரணம் இருந்தது. உடம்பில் பிளைவுட் ஃபார்மர் (குறுக்குச் சட்டம்) இருந்த ஒரே வலுவான இடம் அது. இறங்கும்போது பிய்ந்து வரக் கூடாது என்று நினைத்திருக்கிறான். நியாயமான யோசனை. ஆனால் சக்கரம் எங்கே வர வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு ஃபார்மரை அதற்குத் தகுந்தாற்போல வைக்க வேண்டும். வரைபடம் போடும்போதே சிஜி கோட்டுக்குப் பக்கத்தில் சக்கரத்தின் கோட்டையும் போட்டுவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

இன்னொன்றும் கண்டோம். பின்சக்கரங்கள் 75 மில்லிமீட்டர், மூக்குச் சக்கரம் 50. கடையில் கிடைத்தது அவ்வளவுதான். அதனால் விமானம் தரையில் நிற்கும்போதே தலையைக் குனிந்து நின்றது. இறக்கை கீழ்நோக்கி 2 டிகிரி. இந்த நிலையில் ஓடினால் இறக்கை தூக்குவது ரொம்பக் குறைவு, எடை முழுக்கச் சக்கரத்திலேயே கிடக்கும், மண்ணின் உரசலும் குறையாது. நிற்கும்போதே இறக்கை 2 டிகிரி மேல்நோக்கி இருந்தால் வேகம் கூடும்போது சக்கரத்தின் மேல் பாரம் தானாகக் குறைந்துகொண்டே வரும், எலிவேட்டருக்கு மிச்சம் வைக்கிற வேலையும் கொஞ்சம்தான்.

1903-லும் இதே கதை

முதன்முதலில் விமானம் செய்தவர்களுக்கும் இதே இடத்தில்தான் இடறியது. 1903 டிசம்பர் 14 அன்று, வட கரோலினாவின் கில் டெவில் குன்றுச் சரிவில், 60 அடி நீளத் தண்டவாளத்தில் தங்கள் விமானத்தை வைத்தார்கள் ரைட் சகோதரர்கள். நாணயம் சுண்டியதில் வாய்ப்பு வில்பருக்கு. தண்டவாளத்தை விட்டதும் எலிவேட்டரை அளவுக்கு மேல் திருப்பிவிட்டார். விமானம் விறுவிறுவென ஏறி, வேகத்தை இழந்து, மூன்றரை விநாடியில் மணலில் இறங்கி உடைந்தது. அன்றைக்கே வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் வில்பர் விசை தாராளமாக இருக்கிறது என்று எழுதுகிறார். இந்த இயந்திரமும் இதைக் கிளப்பும் முறையும் பழக்கப்படாததால் வந்த சிறு பிழை, அது இல்லையென்றால் அழகாகப் பறந்திருக்கும் என்கிறார். 12 குதிரைத்திறன்தான் அந்த எஞ்சின். வேறு யாராக இருந்தாலும் முதல் சந்தேகம் எஞ்சின் மேல்தான் போயிருக்கும். அவர்கள் பறப்பதற்கு முன்பே கயிறு, கப்பி, மணல் நிரப்பிய பெட்டி என்று வைத்து இழுவிசையை அளந்து வைத்திருந்தார்கள். அதனால்தான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிந்தது. மூன்று நாள் கழித்து, 17-ஆம் தேதி, அதே எஞ்சினோடு ஆர்வில் 12 விநாடி பறந்தார்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1904-ல் சொந்த ஊரான டேட்டனுக்கு அருகே ஹஃப்மன் புல்வெளியில் அவர்கள் பறக்க முயன்றபோது உண்மையிலேயே விசை போதவில்லை. 1903-ல் பறந்த கிட்டி ஹாக்கில் எதிர்காற்றே மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் அடித்தது, விமானம் தரையில் ஓட வேண்டிய வேகம் கொஞ்சம்தான். டேட்டனில் காற்று மந்தம், கோடை வெப்பம் வேறு. கடைசியில் செப்டம்பரில் ஒரு கோபுரம் கட்டி, பல நூறு கிலோ எடையை உச்சியிலிருந்து விழவைத்து, அது இழுக்கும் கயிற்றால் விமானத்தைத் தண்டவாளத்தில் விரட்டினார்கள். அதே மாதத்தில் முதல் முழு வட்டத்தையும் பறந்து முடித்தார்கள். கிளம்பும் முறையை மாற்றித்தான் இதையும் தீர்த்தார்கள் என்பதை நான் மறப்பதில்லை.

எதிர்காற்றின் பலம் நம் சின்ன விமானங்களுக்கு இன்னும் அதிகம். விநாடிக்கு 10 மீட்டரில் எழும்பும் விமானத்துக்கு 3 மீட்டர் எதிர்காற்று கிடைத்தால் ஓட வேண்டிய தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் தூரம் மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். வண்டியை நிறுத்தின இடத்திலிருந்து வசதியாக இருக்கிறது என்று காற்றின் திசையைப் பாராமல் ஓட்டுகிறவர்களை நான் இன்னும் பார்க்கிறேன். ஆன்டெனா நுனியில் ஒரு ரிப்பன் கட்டிக்கொள்ள எவ்வளவு நேரமாகும்?

இடப்பக்கம் இழுப்பு

முன்பாரம் கண்டுபிடித்த பிறகு மிச்சம் இருந்தது இடப்பக்க இழுப்பும் நெளிவும். பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றும் ப்ராப் விமானத்தை இடப்பக்கம் தள்ளும். எதிர்முறுக்கு விசை இடது சக்கரத்தை அழுத்துகிறது, ப்ராப் வீசும் காற்று சுருண்டு வந்து செங்குத்து வாலின் இடப்பக்கத்தில் அறைகிறது. முழு அளவு விமானங்களிலும் இதுதான் கதை. இரண்டாம் உலகப்போரின் ஸ்பிட்ஃபயரில் மெர்லின் எஞ்சினுக்குப் பதிலாக கிரிஃபன் வந்தபோது ப்ராப் எதிர்த்திசையில் சுற்றியது. அதுவரை இடப்பக்க இழுப்புக்குப் பழகிய விமானிகள் வலப்பக்க இழுப்புக்குக் காலைப் பழக்க வேண்டியிருந்தது. நம் டிரெய்னருக்கு மோட்டார் மவுண்டின் இடப்பக்கத் திருகுகளுக்கு அடியில் ஒரு வாஷர் கொடுத்து, மோட்டாரை வலப்பக்கம் 2 டிகிரி திருப்பினால் இழுப்பு பெருமளவு அடங்கும். த்ராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ளாமல் மூன்று விநாடியில் படிப்படியாக ஏற்றினால் செங்குத்து வாலில் திரும்பும் மடிப்பான ரட்டருக்குப் பிடிமானம் கிடைக்க நேரம் இருக்கும்.

நெளிவுக்குக் காரணம் வேறு. மூக்குச் சக்கரமும் ரட்டரும் ஒரே சர்வோவில் (அவற்றை அசைக்கும் குட்டி மோட்டாரில்) இருந்தன. ரட்டர் நன்றாக அசைய வேண்டும் என்று வைத்த அளவு மூக்குச் சக்கரத்தையும் 30 டிகிரிக்குத் திருப்பியது. நடக்கும் வேகத்தில் அது வேண்டியதுதான். ஓடும் வேகத்தில், அதுவும் 350 கிராம் பாரம் அதன் மேல் இருக்கும்போது, ஸ்டிக்கை இம்மி நகர்த்தினாலும் விமானம் தூக்கியடிக்கும். மூக்குச் சக்கரத்தின் கம்பியை சர்வோ கையின் உள் ஓட்டைக்கு மாற்றினோம், டிரான்ஸ்மிட்டரில் ரட்டருக்குக் கொஞ்சம் எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) கொடுத்தோம். அப்புறம் பின்சக்கரத்தை முன்னால் கொண்டுவந்ததும் மூக்கின் பாரமும் குறைந்து, நெளிவு தானாகவே பாதிக்கு மேல் போய்விட்டது.

திருத்தம் மொத்தமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. புதிதாக ஒரு பிளைவுட் ஃபார்மர் ஒட்டி, பின்சக்கரத்தை சிஜியிலிருந்து 3 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தோம். மூக்குச் சக்கரத்தின் மேல் பாரம் 180 கிராமுக்கு வந்தது. மூக்குக் காலை 15 மில்லிமீட்டர் நீட்டி, இறக்கையை மேல்நோக்கி நிற்க வைத்தோம். எடையை இடம் மாற்றியதால் சிஜியை மறுபடி சரிபார்த்து பேட்டரியை ஒரு விரல்கடை நகர்த்தினோம். மோட்டார் அதே மோட்டார், பேட்டரி அதே பேட்டரி.

அடுத்த முறை ஏரியில் வைத்துத் த்ராட்டிலை மெதுவாக ஏற்றியபோது விமானம் கோடு போட்ட மாதிரி ஓடியது. எலிவேட்டரை அவன் கால்வாசி இழுத்தான். மூக்கு வந்தது, ஒரு நொடி இரண்டு சக்கரத்தில் ஓடியது, பிறகு எந்தத் துள்ளலும் இல்லாமல் தரை கீழே போனது. ஓடிய தூரம் 20 மீட்டருக்குள். அவன் திரும்பி என்னைப் பார்க்கவில்லை, விமானத்திலேயே கண்ணாக இருந்தான். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

வால்சக்கரம் வைத்தால்?

இதைப் படித்துவிட்டு டெயில்டிராகர் (முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலில் ஒரு குட்டிச் சக்கரம்) வைத்திருப்பவர்கள் சிஜிக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன் என்று சக்கரத்தைப் பின்னால் தள்ளிவிடக் கூடாது. அங்கே கணக்கு நேர்மாறு. பெரிய சக்கரங்கள் சிஜிக்கு முன்னால் இருக்க வேண்டும், உயர இறக்கை டிரெய்னரில் அச்சு ஏறக்குறைய இறக்கையின் முன்விளிம்புக்கு நேர் கீழே. அதைவிடப் பின்னால் போனால் ப்ராப் மண்ணைக் கொத்தும். ரொம்ப முன்னால் போனாலும் ஆபத்து. சிஜி சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதால் விமானம் கொஞ்சம் திரும்பினாலே பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும், சக்கரம் எவ்வளவு முன்னாலோ அவ்வளவு வேகமாக. தரையிலேயே சுழன்று நிற்பது இதனால்தான். மூன்று சக்கர விமானத்தைவிட அதை ஓட்டுவது கடினம் என்பது உண்மை. ஆனாலும் வெடித்துக் கிடக்கும் ஏரி மண்ணுக்கு டெயில்டிராகர்தான் மேல் என்பது என் எண்ணம். மூக்குச் சக்கரத்தின் மெல்லிய கால் வெடிப்பில் மாட்டி மடங்குவதை எத்தனையோ பார்த்தாகிவிட்டது. பெரிய சக்கரம் முன்னால் இருந்தால் அந்த வெடிப்பையே ஏறிக் கடந்துவிடும். தரை நன்றாக இருக்கும் ஊர்க்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் தரைக்கு அவர்கள் சொல்வது சரிதான்.

தங்கை மகன் விமானத்தில் இன்னும் ஒன்று பாக்கி. கடற்காற்று பக்கவாட்டில் வந்தால் ஓடும்போது காற்றடிக்கும் பக்கத்து இறக்கை தூக்கிக்கொள்கிறது. 1.2 மீட்டர் இறக்கைக்குப் பின்சக்கரங்களின் இடைவெளி வெறும் 16 சென்டிமீட்டர். 26 வரை அகட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். 3 மில்லிமீட்டர் கம்பி அந்த அகலத்துக்கு வளைந்து தாங்குமா, 4 மில்லிமீட்டருக்குப் போனால் கூடும் எடை பரவாயில்லையா என்பதுதான் இப்போது எங்களுக்குள் வாக்குவாதம். அவன் 3 போதும் என்கிறான், நான் 4 என்கிறேன். இரண்டையும் வளைத்து, மேலே எடை வைத்துப் பார்க்கப்போகிறோம்.